38 ரிங்கிட்டுக்குத் திறன்பேசி: பென்னி ஏலத் தளங்களை நம்பலாமா?

முகநூலில் அவ்வப்போது கண்ணில் படும் விளம்பரம் இது. 4,000 ரிங்கிட் மதிப்புள்ள திறன்பேசியை ஒருவர் 38 ரிங்கிட்டுக்கு ஏலத்தில் எடுத்தாராம். இன்னொருவருக்குச் சலவை இயந்திரம் 11 ரிங்கிட் 20 சென்னுக்குக் கிடைத்ததாம். பொருளைக் கையில் பிடித்துச் சிரிக்கும் படம், கீழே பதிவு செய்வதற்கான இணைப்பு. யாராவது ஒருவர் அதைப் புலனக் குழுவில் பகிர்ந்து, "இது உண்மையா, ஏமாற்று வேலையா?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அந்த 38 ரிங்கிட் விலை உண்மையாக இருக்கலாம். தளத்தை நடத்துபவர் பொருளை ஒழுங்காக அனுப்பி வைப்பவராகவும் இருக்கலாம். அப்படி எல்லாமே நேர்மையாக நடந்தாலும், கலந்து கொண்டவர்களில் பெரும்பாலோர் பணத்தை விட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்கள். ஏமாற்று வேலையும் சேர்ந்து கொள்ளும் தளங்கள் தனி ரகம். இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான், "பொருள் வந்துவிட்டதாமே, அப்படியென்றால் நல்ல தளம்தான்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

ஏலம் என்ற பெயரில் நடப்பது என்ன?

கோயில் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலம் விடுவதைப் பார்த்திருப்போம். ஒருவர் 100 என்பார், இன்னொருவர் 150 என்பார். கடைசியில் 500 சொன்னவர் 500 கொடுத்துச் சேலையை வாங்கிக் கொள்வார். 450 வரை கேட்டவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. வங்கிகள் வீடுகளை ஏலம் விடும் 'லெலோங்'கிலும் தோற்றவருக்கு வைப்புப் பணம் திரும்பி வந்துவிடும். (நம் 'ஏலம்', மலாய்க்காரர்களின் 'லெலோங்' இரண்டும் போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்ங்' என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. வேறு வேறு கப்பலில் இறங்கிய உடன்பிறப்புகள் என்று சொல்லலாம்.) தோற்றவர் பணம் இழப்பதில்லை என்பதுதான் ஏலத்தின் அடிப்படை.

பென்னி ஏலத்தில் அந்த அடிப்படையே இல்லை. இங்கே விலை கேட்பதற்கே கட்டணம் உண்டு. முதலில் கேட்புகளை, அதாவது 'பிட்'களை, கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கேட்பின் விலை 50 சென்னாக இருக்கலாம், 2 ரிங்கிட்டாகவும் இருக்கலாம். பொருளின் விலை சுழியத்திலிருந்து தொடங்கும். யாராவது பொத்தானை அழுத்தினால் விலை ஒரு சென் கூடும், அழுத்தியவரிடமிருந்து ஒரு கேட்பு குறையும், கடிகாரத்தில் இன்னும் 10 அல்லது 15 வினாடி சேரும். அந்த வினாடிகள் கரைவதற்குள் வேறொருவர் அழுத்தினால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். யாருமே அழுத்தாமல் கடிகாரம் சுழியத்தைத் தொடும்போது, கடைசியாக அழுத்தியவர் வென்றவர். அவர் அப்போது திரையில் நிற்கும் விலையையும் கட்டிப் பொருளைப் பெற்றுக் கொள்ளலாம். மற்றவர்கள் போட்ட கேட்புகள் போட்டவைதான், திரும்பக் கிடைக்காது.

ஆங்கிலத்தில் 'பென்னி' என்பது காசு. விலை ஒவ்வொரு காசாக ஏறுவதால் இந்தப் பெயர். விலை காசு காசாக ஏறினாலும் வசூல் ரிங்கிட் ரிங்கிட்டாக நடக்கிறது. அந்த வசூலைத் திரை காட்டுவதில்லை.

ஒரு கணக்கு

4,000 ரிங்கிட் திறன்பேசியையே எடுத்துக் கொள்வோம். ஒரு கேட்பு 2 ரிங்கிட், ஒவ்வொன்றுக்கும் விலை 1 சென் ஏறுகிறது. ஏலம் 60 ரிங்கிட்டில் முடிந்தது என்று வையுங்கள். 60 ரிங்கிட் என்றால் 6,000 சென். அதாவது பொத்தான் 6,000 முறை அழுத்தப்பட்டிருக்கிறது. 6,000 கேட்புகளுக்கு 12,000 ரிங்கிட். வென்றவர் கட்டும் 60 ரிங்கிட்டையும் சேர்த்தால் தளத்தின் கைக்கு வந்தது 12,060 ரிங்கிட். போனது 4,000 ரிங்கிட் பொருள் ஒன்று.

வென்றவர் 400 கேட்புகள் போட்டிருந்தால் அவருடைய செலவு 860 ரிங்கிட். 3,140 ரிங்கிட் அவருக்கு மிச்சம்தான், மறுப்பதற்கில்லை. விளம்பரத்தில் சிரிப்பவர் இவர்தான். ஆனால் விளம்பரத்தில் வரும் தொகை 860 அல்ல, 60. மீதி 5,600 கேட்புகளைப் போட்டவர்கள் 11,200 ரிங்கிட்டைக் கொடுத்து ஒன்றும் வாங்காமல் போனவர்கள். அவர்கள் 80 பேர் என்று வைத்தால் ஆளுக்குச் சராசரி 140 ரிங்கிட்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். இந்தத் திறன்பேசியின் முழு விலையும் தளத்துக்குத் திரும்பிவிட ஏலம் எவ்வளவு தூரம் போக வேண்டும்? வெறும் 20 ரிங்கிட். திரையில் 20 ரிங்கிட் என்று காட்டும்போதே 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வசூலாகிவிட்டது. "என்ன இவ்வளவு மலிவு, அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று நாம் வியந்து நிற்கும் நேரத்தில் அவர்களுக்கு லாபம் தொடங்கியிருக்கும்.

எந்தத் தளத்தைப் பார்த்தாலும் இதே கணக்கைப் போடலாம். முடிந்த விலையை, ஒவ்வொரு கேட்புக்கும் ஏறும் தொகையால் வகுத்தால் எத்தனை கேட்புகள் என்று தெரியும். அதை ஒரு கேட்பின் விலையால் பெருக்கினால் மற்றவர்கள் கொட்டிய பணம் தெரியும்.

நம்மில் மூத்தவர்களுக்கு ஏலச்சீட்டு நன்றாகத் தெரியும் என்பதால் ஓர் ஒப்பீடு. கூட்டில் அவசரத்துக்குத் தள்ளி எடுப்பவர் விட்டுக் கொடுத்த தொகை மற்ற உறுப்பினர்களுக்குப் பிரிந்து போகும். பணம் வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அதை நம்பிப் பணம் போட்டு, நடத்தியவர் ஓடிப்போய் நொந்தவர்கள் ஏராளம் என்பதால்தான் 1971லேயே இந்நாட்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. பென்னி ஏலத்தில் தோற்றவர் விட்ட பணம் வட்டத்துக்குள் சுற்றுவதே இல்லை. நேராக நடத்துபவரிடம் போகிறது. அதற்கு அவர் ஓடிப் போகவும் தேவையில்லை.

விட மனம் வராத விளையாட்டு

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சிரம்பானில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். வீட்டில் சலவை இயந்திரம் பழுதாகிப் போன சமயத்தில் ஒரு தளத்தில் 1,200 ரிங்கிட் இயந்திரம் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. 100 கேட்புகள் அடங்கிய கட்டு 80 ரிங்கிட். முதலில் ஒரு கட்டு வாங்கினார். அது தீர்ந்தபோது விலை 10 ரிங்கிட்டைத் தாண்டவில்லை, எதிரில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பதுபோல் தெரிந்தது. இன்னொரு கட்டு வாங்கினார். மூன்று இரவுகளில் ஐந்து கட்டுகள், 400 ரிங்கிட். 27 ரிங்கிட் 40 சென்னில் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

"160 வெள்ளி போனப்பவே நிறுத்தியிருக்கலாமே அக்கா" என்று கேட்டேன். "அந்த 160 வெள்ளிய அப்படியே விட்டுட்டு எப்படி தம்பி போறது?" என்றார்.

அவர் சொன்ன காரணத்தைப் பொருளியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். 1971ல் மார்ட்டின் ஷூபிக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 'டாலர் ஏலம்' என்ற விளையாட்டை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு டாலர் நோட்டை ஏலம் விட வேண்டும். அதிகம் கேட்டவருக்கு நோட்டு கிடைக்கும். ஆனால் இரண்டாவதாக வந்தவரும் தாம் கேட்ட தொகையைக் கட்டியாக வேண்டும். 90 காசு கேட்டவரை ஒருவர் ஒரு டாலர் கேட்டு முந்தினால், 90 காசுக்காரர் சும்மா இருந்தால் 90 காசு நட்டம், 1 டாலர் 10 காசு கேட்டு வென்றால் 10 காசுதான் நட்டம். ஆகவே கேட்பார். எதிராளிக்கும் அதே கணக்கு. ஒரு டாலர் நோட்டுக்கு ஒரு டாலருக்கு மேல் கேட்டுக் கொண்டே போவார்கள். பென்னி ஏலத்தில் இரண்டாவதாக வந்தவர் மட்டுமல்ல, கடைசியாக வந்தவர் வரை எல்லாருமே கட்டுகிறார்கள்.

போட்ட பணம் போனதுதான், அடுத்த கேட்பைப் போடலாமா வேண்டாமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிவு சொல்லும். மனம் கேட்காது. பத்து வினாடிக் கடிகாரம் யோசிக்க விடாது. நாலு நம்பர் எடுப்பவருக்குக்கூடத் தாம் சூதாடுகிறோம் என்பது தெரியும், குலுக்கல் முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார். பென்னி ஏலத்தில் அமர்ந்திருப்பவர் தாம் பொருள் வாங்கிக் கொண்டிருப்பதாக நினைக்கிறார். இவ்விரண்டில் பின்னதுதான் எனக்குக் கூடுதல் ஆபத்தாகப் படுகிறது.

தானியங்கிக் கேட்பு என்ற வசதி இதை இன்னும் வேகப்படுத்தும். நாம் தூங்கும்போதும் நமக்காகப் பொத்தானை அழுத்தும்படி தளத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். இதே ஏற்பாட்டை இருவர் செய்து, ஆளுக்கு 300 கேட்புகளை ஒதுக்கியிருந்தால், இரு இயந்திரங்களும் ஒன்றையொன்று முந்தி 600 கேட்புகளையும் எரித்துவிடும். திரையில் விலை 6 ரிங்கிட் ஏறியிருக்கும். கேட்பு 2 ரிங்கிட் என்றால் எரிந்தது 1,200 ரிங்கிட்.

ஸ்வூப்போவின் கதை

இந்த வணிகத்தை உலகெங்கும் பரப்பியது ஜெர்மனியில் 2005ல் 'டெலிபிட்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். 2008ல் 'ஸ்வூப்போ' என்று பெயர் மாற்றி அமெரிக்காவுக்கும் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் நெட் ஆகன்பிளிக் 166,000 ஏலங்களின் தரவுகளைத் திரட்டி, பென்னி ஏலத்தில் மக்கள் எப்படி நடந்து கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 2016ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஏலம் விடுபவரின் சராசரி லாப விகிதம் 50 விழுக்காட்டுக்கும் மேல்.

இதை நம் பக்கத்திலிருந்து சொன்னால், 100 ரிங்கிட் பொருளுக்கு 150 ரிங்கிட்டுக்கு மேல் வசூல். பங்கேற்றவர்கள் அனைவரையும் ஒரே கூட்டமாக எடுத்துக்கொண்டால், போட்ட ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் சுமார் 66 சென்தான் பொருளாகத் திரும்பியிருக்கிறது. அதுவும் எல்லாருக்கும் பிரிந்து அல்ல, வென்ற சிலருக்கு மட்டும். இந்த லாபத்தை விளக்க ஏமாற்று மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. போட்டதை விட மனம் வராத குணமே போதுமானதாக இருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். பல முறை ஆடியவர்கள் கொஞ்சம் கற்றுக் கொள்கிறார்கள், ஆனால் மெதுவாகத்தான்.

இவ்வளவு லாபம் பார்த்த ஸ்வூப்போ 2011 மார்ச்சில் நொடித்துப் போனது. தோற்றவர் மறுபடி வருவது குறைவு, புது ஆட்களை இழுத்துக் கொண்டே இருக்க வேண்டும், அதற்கு விளம்பரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டும். இந்தத் தொழிலில் நேர்மையாக நிலைத்து நிற்பதே கடினம். இதனால் மற்ற தளங்கள் வேறு வழிகளைத் தேடின.

ஒரு வழி, தோற்றவருக்கு ஆறுதல் தருவது. அமெரிக்காவின் 'குவிபிட்ஸ்' போன்ற தளங்கள், தோற்றவர் தாம் போட்ட கேட்புகளின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டி அதே பொருளை வாங்கிக்கொள்ள விட்டன. 1,200 ரிங்கிட் சலவை இயந்திரத்துக்கு 400 ரிங்கிட் போட்டுத் தோற்றவர் இன்னும் 800 கட்டினால் இயந்திரம் அவருக்கு. இது மற்ற தளங்களைவிட நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1,200 என்பது யார் சொன்ன விலை என்று பார்க்க வேண்டும். அதே இயந்திரம் சாலையோரக் கடையில் 950 என்றால் ஆறுதல் கரைந்துவிடும். அக்காவிடம் மேற்கொண்டு 800 ரிங்கிட் இருந்திருந்தால் அவர் ஏலத்துக்கே போயிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

மோசடி தொடங்கும் இடம்

இன்னொரு வழி, யாரையும் வெல்ல விடாமல் பார்த்துக் கொள்வது. ஜப்பானில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இதற்கு இல்லை. 2012 டிசம்பரில் 'வேர்ல்ட் ஆக்‌ஷன்' என்ற பென்னி ஏலத் தளத்தை நடத்தியவர்களைக் கியோட்டோ, ஒசாகா காவல்துறையினர் மோசடிக் குற்றத்துக்காகக் கைது செய்தனர். வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் மென்பொருளே போலிப் பெயர்களில் மேலே கேட்டு, அவர் வெல்ல முடியாதபடி அமைத்திருந்தார்கள். ஆள் எத்தனை கேட்பு போட்டாலும் இயந்திரம் இன்னொன்று போடும். இயந்திரத்துக்குக் கேட்பு இலவசம்.

அந்த வழக்கை ஒட்டி இன்னொன்றும் அம்பலமானது. தொலைக்காட்சிப் பிரபலங்கள் பலர், தாங்கள் பென்னி ஏலத்தில் மலிவாகப் பொருள் வென்றதாக வலைப்பூக்களில் படத்தோடு எழுதியிருந்தார்கள். அவர்கள் வெல்லவே இல்லை, பணம் வாங்கிக் கொண்டு எழுதியவை அவை. ஜப்பானில் மறைமுக விளம்பரம் பற்றிய பெரிய விவாதமே அதனால் எழுந்தது. நம் முகநூலில் திறன்பேசியோடு சிரிப்பவரின் படத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2011ல் 'பென்னிபிட்டர்' என்ற தளத்தின் மீது, போலிக் கேட்பாளர்களை ஏவியதாக நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் பென்னி ஏலம் குறித்துப் பயனீட்டாளர்களை எச்சரித்தது.

ஸீக்: ஏலம் வெறும் முகப்பு

மூன்றாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் நேரடி விற்பனைத் திட்டங்களுக்கு இருக்கும் ஈர்ப்பை நினைத்தால் இதுதான் நம் வீட்டு வாசலுக்கு வரக்கூடியது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பால் பர்க்ஸ் என்பவர் 'ஸீக்லர்' என்ற பென்னி ஏலத் தளத்தை நடத்தினார். அதோடு ஒட்டி 'ஸீக் ரிவார்ட்ஸ்' என்ற திட்டம். அதில் சேர்ந்தவர் ஏலத்தில் கலந்து கொள்ளத் தேவையில்லை. கேட்புகளை மொத்தமாக வாங்கி மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும், நாளுக்கு ஒரு சின்ன விளம்பரத்தை இணையத்தில் பதிவிட வேண்டும், புது ஆட்களைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஏலத் தளத்தின் அன்றன்றைய நிகர லாபத்தில் பாதி வரை உறுப்பினர்களுக்குப் பங்கு என்றார்கள். பங்கு நாளுக்கு ஒன்றரை விழுக்காடு அளவில் வந்து கொண்டிருந்தது. நம் வங்கி வைப்புக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் வட்டியை ஸீக் இரண்டு மூன்று நாளில் கொடுத்தது.

2012 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அதை மூடியது. 600 மில்லியன் டாலர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்கள். ஆணையத்தின் கணக்குப்படி அந்நிறுவனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு புதிதாகச் சேர்ந்தவர்கள் போட்ட பணம். ஏலம் என்பது வாசலில் கட்டிய தோரணம்தான், உள்ளே நடந்தது ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது. 2016ல் பர்க்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த ஆண்டு அவருக்கு 14 ஆண்டு 8 மாதச் சிறை.

ஸீக்கில் முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் உண்மையிலேயே வந்தது. அவர்கள் பொய் சொல்லி ஆள் சேர்க்கவில்லை, தங்களுக்கு வந்ததைக் காட்டித்தான் அண்ணனையும் மைத்துனரையும் சேர்த்தார்கள். "எனக்கு வந்துச்சு" என்று நெருங்கியவர் சொல்வது இத்தகைய திட்டங்களில் எந்த விதமான உத்தரவாதமும் ஆகாது. ஏலத் தளம் ஒன்று, பொருளை விடுத்து "லாபத்தில் பங்கு", "ஆள் சேர்த்தால் புள்ளி" என்று பேசத் தொடங்கினால், அதைப் பென்னி ஏலமாகப் பார்க்காமல் பிரமிட் திட்டமாகப் பாருங்கள். மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை மற்றும் பிரமிட் எதிர்ப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

பதிவு செய்யாமலேயே ஒரு வாரம் ஏலங்களைப் பார்த்துக் கொண்டிருங்கள். செலவில்லாத சோதனை இது. சில பெயர்கள் எல்லா ஏலங்களிலும், நள்ளிரவு மூன்று மணிக்கும், சளைக்காமல் கேட்டுக் கொண்டே இருக்கின்றனவா? விலை ஓர் அளவைத் தொடும் வரை எந்த ஏலமும் முடிவதே இல்லையா? முடிந்த ஏலங்களின் பட்டியலையே தளம் காட்ட மறுக்கிறதா? இவை குற்றத்துக்கு ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் ஒதுங்கிக் கொள்ள ஆதாரம் தேவையில்லையே.

தளத்தில் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மலேசிய நிறுவனம் என்று சொல்லிக் கொண்டால் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். பதிவு இருப்பதால் மட்டும் நல்லவர் என்று ஆகிவிடாது. இல்லாவிட்டால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

விதிமுறைகளைப் படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான்கைந்து இடங்களை மட்டுமாவது தேடிப் படியுங்கள். பயன்படுத்தாத கேட்புகளுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, அவை எத்தனை நாளில் காலாவதியாகும், வென்ற பொருளுக்குப் பதில் "அதே மதிப்புள்ள வேறு பொருள்" அனுப்பும் உரிமையைத் தளம் வைத்துக் கொண்டிருக்கிறதா, அனுப்பும் செலவு எவ்வளவு, மாதச் சந்தா தானாகவே அட்டையில் பிடிக்கப்படுமா. கேட்பின் விலையை ரிங்கிட்டில் சொல்லாமல் 'நாணயம்', 'வைரம்' என்று விளையாட்டுப் பெயர்களில் மட்டும் சொன்னால், நீங்களே ரிங்கிட்டுக்கு மாற்றி எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

பணத்தைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டினால், அதன் மீது ஏற்கெனவே புகார்கள் உள்ளனவா என்று தெரியும். வங்கிப் பரிமாற்றத்தைவிடக் கடன் பற்று அட்டையில் கட்டுவது ஓரளவு பாதுகாப்பு, பொருள் வராதபோது அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டு அந்தத் தொகையை மறுக்க வழியிருக்கிறது. அடையாள அட்டையின் படத்தையோ, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணையோ எந்த ஏலத் தளத்துக்கும் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

நீங்கள் கலந்து கொள்ளாத ஏலத்தில் வென்றதாக ஒரு குறுஞ்செய்தி வந்து, சுங்கவரியோ அனுப்பும் செலவோ கட்டச் சொன்னால், அதில் ஏலமே கிடையாது. அது வேறு மோசடி.

பணம் போய்விட்டால்

இங்கே முக்கியம் வேகம். வங்கிப் பரிமாற்றம் வழியாக ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கோ உங்கள் வங்கிக்கோ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

மோசடி என்று சொல்ல முடியாத, ஆனால் சொன்னபடி நடக்காத தளம் என்றால் வழி வேறு. வென்ற பொருள் வரவில்லை, வந்தது வேறு பொருள், விளம்பரத்தில் சொன்னது ஒன்று விதிமுறையில் இருப்பது ஒன்று என்பன போன்ற புகார்களை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் கொண்டு போகலாம். அதன் கட்டணமில்லாத எண் 1-800-886-800. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு வழக்குத் தொடுக்கலாம். கட்டணம் மிகச் சொற்பம், வழக்கறிஞர் வைத்துக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பு யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் மன்றத்துக்கு அழைக்க முடியும். வெளிநாட்டு முகவரியோ முகவரியே இல்லாத தளமோ என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிக்கிடக்கும். நிறுவனத்தின் பதிவை முதலிலேயே பார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

வெறுமனே ஏலத்தில் தோற்று, கேட்புகளுக்குக் கொடுத்த பணம் போனதற்கு இங்கெல்லாம் நிவாரணம் எதிர்பார்ப்பது கடினம். விதிமுறையை ஒப்புக் கொண்டுதான் பொத்தானை அழுத்தினீர்கள் என்பார்கள், பொய்யும் அல்ல. சிரம்பான் அக்காவின் 400 ரிங்கிட் அப்படிப் போனதுதான். அவர் பார்த்த 27 ரிங்கிட் 40 சென் விலைக்குப் பின்னால் 2,740 கேட்புகள், 2,192 ரிங்கிட். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது அவர் கோபப்பட்டது தளத்தின் மீது அல்ல, வென்றவர் மீதுதான். "அவனுக்கு எவ்வளவு போச்சோ" என்றார் பிறகு.

புகார் செய்த சில வாரங்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி யாராவது உங்களைத் தொடர்பு கொள்ளலாம். வழக்கறிஞர் என்பார், இணையப் பாதுகாப்பு நிபுணர் என்பார், முன்கட்டணம் கேட்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால் வரும் அழைப்பு அது. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர்வாசிகள் அங்கிருந்தபடி ஏமாந்திருந்தால், மோசடியா என்று சந்தேகம் கேட்க அந்நாட்டின் 'ஸ்கேம்ஷீல்டு' உதவி எண் 1799. சிங்கப்பூரில் பதிவு பெற்ற நிறுவனத்துடன் தகராறு என்றால் அங்குள்ள சிறு வழக்குகள் நடுவர் மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை விசாரிக்கும், இரு தரப்பும் ஒப்புக் கொண்டால் 30,000 வரை. எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை ஒன்றுதான்: பணம் கட்டிய ரசீது, தளத்தின் விதிமுறைப் பக்கம், உரையாடல்கள் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகள், தேதியோடு. தளம் மூடப்பட்ட பிறகு இவற்றை எடுக்க முடியாது.